ராஜாஜி பூங்கா இல்லைம்மா, கடல்!

பிறந்தது தூத்துக்குடி. வாழ்க்கைப்பட்டதும் தூத்துக்குடி. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. முப்பத்தெட்டு வயதில் பெற்ற மகள் முன்னால் நான் அசடு வழிந்த கதையைத்தான் வாசக சகோதரிகளோடு பகிர்ந்து கொள்ள வந்திருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம். அடுப்படியில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்து கொண்டிருந்தேன். மகள் அப்போது ஏழாம் வகுப்பு. நோட்டும் பேனாவுமாக வந்தவள், "எம்மா, நம்ம ஊர்ல இருக்குற தேசியப் பூங்கா எது?" என்று கேட்டாள்.

"நம்ம ஊர்ல ராஜாஜி பூங்காதான் இருக்கு. அதையே எழுது" என்றேன். சின்ன வயதில் அப்பா கூட்டிப் போய் ஊஞ்சல் ஆட்டிய பூங்கா அது. எனக்குத் தெரிந்த பூங்கா அவ்வளவுதான்.

அவள் சிரித்த சிரிப்பில் முன்கட்டில் இருந்த மாமாவே எழுந்து வந்துவிட்டார். "ராஜாஜி பூங்கா இல்லைம்மா, கடல்! நம்ம கடல்தான் பூங்கா" என்று புத்தகத்தைக் காட்டினாள். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிய கடலோடு சேர்த்து 560 சதுர கிலோமீட்டர். 1986-ல் அறிவித்திருக்கிறார்கள். எனக்கே அப்போது நடை பழகாத வயது. தினமும் மாடியில் துணி காயப்போடும்போது முகத்தில் அடிக்கிற காற்று ஒரு தேசியப் பூங்காவிலிருந்து வருகிறது என்பது முப்பத்தைந்து வருஷமாக எனக்குத் தெரியாது!

எங்களுக்கு டூர் என்றால் வேளாங்கண்ணி, மணப்பாடு, உவரி. மிஞ்சிப் போனால் சீசனுக்குக் குற்றாலம். போவோம், கும்பிடுவோம், சாப்பிடுவோம், திரும்புவோம். வழியில் என்ன மரம், என்ன பறவை என்று திரும்பிப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பிள்ளை சிரித்தது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. மாதாந்திரக் குலுக்குச் சீட்டு விழுந்ததும் மிக்ஸி மாற்ற வைத்திருந்த பணத்தை எடுத்து எங்க வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "இந்த வருஷம் பிள்ளைகளை மிருகம் பார்க்கக் கூட்டிப் போவோம்" என்றேன். அவர் உப்பளக் கம்பெனியில் கணக்கு எழுதுபவர். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் ஓய்வு. "மிருகம் பாக்க நம்ம தெருவே போதாதா?" என்று கிண்டல் செய்துவிட்டுத்தான் சம்மதித்தார்.

முதலில் பக்கத்திலேயே இருக்கும் வல்லநாடு. திருநெல்வேலி போகிற ரோட்டில் எத்தனையோ தடவை பஸ்ஸில் தாண்டிப் போன ஊர். அங்கே மலையில் வெளிமான்களுக்கென்று 1987-லேயே சரணாலயம் அமைத்திருக்கிறார்கள். இந்தியாவிலேயே தென்கோடியில் வெளிமான் இருக்கிற இடம் அதுதானாம். வனத்துறையில் அனுமதி கேட்டுக்கொண்டு போனோம்.

போனவுடன் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். சரிகை போட்ட அரக்குச் சேலை, தலை நிறையப் பூ, கை நிறையக் கண்ணாடி வளையல், டிபன் கேரியர் வேறு. நடக்க நடக்க நானே ஒரு மேளக் கச்சேரி. மகனுக்கு அப்போது எட்டு வயது. "மான் எங்க, மான் எங்க" என்று கத்திக்கொண்டே ஓடினான். இரண்டு மணி நேரம் உடைமரமும் கள்ளியும் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. வெயில் ஏறிவிட்டது. எனக்குக் கோபமான கோபம். மிக்ஸியாவது வாங்கியிருக்கலாம்!

கூட வந்த வனக்காவலர்தான் தன்மையாகச் சொன்னார். "நீங்க மானைப் பாக்கல. ஆனா மான் உங்களை எப்பவோ பாத்துட்டு. கொஞ்ச நேரம் பேசாம உக்காருங்கம்மா." வளையலைக் கழற்றிப் பையில் போட்டேன். பாறை நிழலில் ஆறு பேரும் உட்கார்ந்தோம். என் மாமியாருக்கு ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பதே பெரிய தவம். அவர்கள்கூட வாயைப் பொத்திக் கொண்டார்கள்.

எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ, எதிர்ச் சரிவில் புல் நிறத்திலேயே ஏதோ அசைந்தது. பெண் மான்கள், கொம்பில்லாதவை. ஐந்தாறு இருக்கும். அவற்றுக்குப் பின்னால் ஆண் ஒன்று. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கொம்பு முறுக்கினாற்போல் வளைந்து மேலே போகிறது. அது கழுத்தை நிமிர்த்தி எங்களைப் பார்த்தது. மகன் என் கையைப் பிடித்து நெரித்தானே தவிர சத்தம் போடவில்லை. அவன் பிறந்ததிலிருந்து அவ்வளவு நேரம் வாய் மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இறங்கி வரும்போது காவலர் இன்னொன்றும் சொன்னார். நம் வீட்டுக் குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீரை இந்த வல்லநாட்டுப் பக்கம் ஆற்றிலிருந்துதான் எடுத்து அனுப்புகிறார்களாம். குடம் வைத்து வரிசையில் நின்று சண்டை போட்டிருக்கிறேனே தவிர, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டே மேலே போவோம் என்று மகள் ஆரம்பித்துவிட்டாள். காலாண்டு லீவில் முண்டந்துறை போனோம். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. 1988-ல் களக்காட்டையும் முண்டந்துறையையும் சேர்த்து அறிவித்தார்கள். புலி தென்படவில்லை. அதை எதிர்பார்த்தும் போகவில்லை, வல்லநாட்டில்தான் பாடம் படித்தாயிற்றே. செக்போஸ்டில் என் பையைச் சோதித்து பிளாஸ்டிக் பைகளை எல்லாம் வாங்கி வைத்துக் கொண்டார்கள். பொட்டலம் கட்டி வைத்திருந்த புளியோதரையை எதில் மாற்றுவது என்று தவித்துப் போனேன். உள்ளே ஒரு தாய்க் குரங்கு குட்டியோடு வந்து நிற்கவே, பாவமாக இருக்கிறதே என்று மக்ரூனை நீட்டிவிட்டேன். பணியாளர் ஒருவர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். நாம் கொடுத்துப் பழக்கினால் அது காட்டில் தேடித் தின்பதை விட்டுவிட்டு ரோட்டில் கார் மறித்து நிற்குமாம், அப்புறம் வண்டியில் அடிபட்டுச் சாகுமாம். எனக்கு முகம் செத்துப் போயிற்று. அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் ஆற்றில் கால் நனைத்தபோது அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்ததே, அது எல்லாத் திட்டையும் மறக்கடித்துவிட்டது. புன்னைக்காயலில் கடலில் சேரும்போது நான் பார்த்த ஆறு வேறு, இது வேறு.

இனி நான் எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

என் மாமாவுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. அவர் அப்பா முத்துக்குளித்தவர். 1961-ல் நம் கடலில் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் இறங்கியவர். அப்போது மாமாவுக்கு எட்டு வயது. கரையில் சிப்பி குவித்துக் கிடந்த நாற்றத்தை இன்றைக்கும் சொல்வார். அதற்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. 1973-ல் இதே தூத்துக்குடியில்தான் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டினார்கள். ஆனால் முத்துக்குளித்தவர்கள் வீட்டு அடுப்பு அதில் எரியவில்லை. சிலர் சங்கு குளிக்கப் போனார்கள். மாமா பதினாறு வயதில் கல்லு வள்ளத்தில் ஏறினார். கல்லு என்றால் பவளப்பாறை. கடலுக்குள் மூழ்கிக் கடப்பாரையால் பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டு வருவார்கள். சுண்ணாம்புக் காளவாசலுக்கும் வீடு கட்டவும் அது போகும்.

இதெல்லாம் எனக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும். ஆனால் அப்போது கல் என்றால் கல்தான்.

2024 பொங்கல் லீவில் கடல் பூங்காவையும் பார்த்துவிட வேண்டியதுதான் என்று கிளம்பினோம். நம் ஊர்த் தீவுகளில் பொதுமக்கள் இஷ்டத்துக்கு இறங்க முடியாது. ஏர்வாடிக்குப் பக்கத்தில் பிச்சைமூப்பன்வலசையில் வனத்துறை ஏற்பாட்டில் அடியில் கண்ணாடி பதித்த படகு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பார், சாயல்குடி வழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

படகில் ஏற மாமி மறுத்துவிட்டார்கள். கடல்காரர் மகள், கடல்காரர் மனைவி, ஆனால் அறுபத்தாறு வயது வரைக்கும் வள்ளத்தில் கால் வைத்ததில்லை! எங்கள் வீட்டுப் பெண்கள் கரையோடு சரி. மீன் வந்தால் ஆய்வோம், கருவாடு போடுவோம், காற்று மாறினால் செபமாலை உருட்டுவோம். கடலுக்குள் என்ன இருக்கிறது என்று ஆண்கள் சொல்லித்தான் கேள்வி. நானும் அப்படித்தான். பேத்தி கையைப் பிடித்து இழுத்ததும் "மாதாவே" என்று கண்ணை மூடிக்கொண்டு ஏறினார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடிக்குக் கீழே வெறும் மணல். பிறகு பச்சையாகப் புல். கடலுக்குள்ளும் புல் முளைக்கும், அதைத் தின்றுதான் ஆவுளியா என்கிற கடல் பசு வாழ்கிறது என்று படகோட்டி சொன்னார். பிறகு திடீரென்று அது வந்தது.

பவளம் என்றதும் நான் நவரத்தின மோதிரத்துச் சிவப்பைத்தான் நினைத்துக் கொண்டிருந்தேன். அந்தச் சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடல் சமாச்சாரமாம். நம் கடலில் இருப்பது பழுப்பு, பச்சை, தேன் நிறம். ஒன்று மான் கொம்பு மாதிரி கிளை விட்டிருந்தது. ஒன்று மூளையில் வரி ஓடுமே, அது மாதிரி. ஒன்று பெரிய உருண்டை, மேலெல்லாம் இடியாப்ப அச்சின் துளை போலப் பொடிப்பொடியாக. ஒவ்வொரு துளையிலும் ஓர் உயிர் உட்கார்ந்திருக்கிறதாம். இடுக்குகளில் நீலமும் மஞ்சளுமாக மீன்கள். குழம்பில் போடுகிற மீனாக இல்லாமல், அதன் வீட்டில் அது சும்மா இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மாமி கண்ணாடி மேல் குனிந்தவர்கள் நிமிரவே இல்லை. "இவ்வளவும் இங்கயா கெடந்துச்சு, ஒருநாளாவது சொன்னாகளா இந்த மனுஷன்" என்று முணுமுணுத்தார்கள்.

மாமா எதுவும் பேசவில்லை. கரைக்கு வந்த பிறகும் பேசவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று நான் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் வாயைத் திறந்தார். "நாங்க இதை இப்படிப் பாக்கவே இல்ல. மூச்சைப் பிடிச்சு இறங்கினா எது பெயரும், எது பெயராதுன்னுதான் கண்ணு போகும். அழகா இருக்கான்னு பாக்க மூச்சு எங்க இருக்கு?"

என் மகன் சட்டென்று கேட்டுவிட்டான். "அப்ப நீங்கதான் உடைச்சீங்களா தாத்தா? அது குத்தமாமே. ஜெயில்ல போடுவாங்களாம்."

மாமா கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. நான் யோசிக்கவே இல்லை, பையன் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டேன். அவன் அழுதான். மாமா எழுந்து கை கழுவப் போய்விட்டார். வீடே இருண்டு போயிற்று. பையன் கேட்டதில் என்ன தப்பு? பிள்ளைகளை ஊர் ஊராகக் கூட்டிப் போய்ப் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். கற்றுக்கொண்டதும் அடித்தால் எப்படி? அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தெரிந்ததைச் சொன்னேன். தாத்தா வள்ளத்தில் போன காலத்தில் ஊரே கல்லை வாங்கியது. கட்டிய வீட்டுக்கெல்லாம் அந்தச் சுண்ணாம்புதான். உன் அப்பா பள்ளிக்கூடம் போனதும் அந்தக் கூலியில்தான். 1986-ல் பூங்கா என்று சட்டம் வந்தும் நாலு வருஷம் தாத்தா போனார், அதுவும் உண்மைதான், மறைக்க வேண்டாம். 1990-ல் லோடு வேலை கிடைத்ததும் விட்டுவிட்டார். மற்றவர்கள் அதற்கப்புறமும் எடுத்தார்கள். 2001-ல் புலிக்கும் யானைக்கும் இருக்கிற அதே பட்டியலில் பவளத்தையும் சேர்த்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு, தீவும் பாறையும் அலைக்குத் தடுப்பு என்று சனங்களுக்கே புரிந்து, 2005-ல்தான் நம் பக்கம் கல்லெடுப்பு நின்றது. அதற்குள் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்று இரண்டு தீவு கடலுக்குள் போய்விட்டது. எங்க ஊருக்கு நேரே இருக்கிற வான் தீவு 1986-ல் 16 ஹெக்டேர் இருந்தது, 2014-ல் ஏறத்தாழ 2 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எல்லாம் மகள் தேடிப் படித்துச் சொன்னதுதான். அவள்தான் கல்லெடுப்பு மட்டும் காரணமில்லை என்றாள். கடல் தண்ணீர் சூடேறினால் பவளத்துக்குள் குடியிருக்கும் பாசி வெளியேறிவிடுமாம். அதுதான் பவளத்துக்குச் சோறும் நிறமும். பாசி போனதும் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும், அப்படியே நீடித்தால் செத்துவிடும். 2016 வெயிலில் மன்னார் வளைகுடாவில் நூற்றுக்குப் பதினாறு பங்கு பவளம் செத்துப் போயிருக்கிறது. என் டி.வி. ஷோகேஸில் அலங்காரமாக வைத்திருந்தேனே வெள்ளைப் பூக்கல், அது செத்த பவளத்தின் எலும்பு என்று தெரிந்த அன்று எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். பார்க்கப் பிடிக்கவில்லை.

மாமா இதையெல்லாம் முற்றத்திலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பேரனைக் கூப்பிட்டார். பின்கட்டுக்கு, அடுப்படிச் சுவரண்டை கூட்டிப்போனார். அது அவர் அப்பா காலத்துச் சுவர். பூச்சு உதிர்ந்து கல் தெரியும். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வருஷா வருஷம் மேலே சுண்ணாம்பு அடித்து மறைப்பேன். மாமா ஒரு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பூச்சை எடுத்தார். உள்ளே மூளை வரி! படகுக் கண்ணாடி வழியாகப் பார்த்த அதே கோலம். பக்கத்துக் கல்லில் இடியாப்ப அச்சுத் துளை. பதினாறு வருஷமாக அந்தச் சுவரில்தான் அகப்பைக் கூடு மாட்டி வைத்திருக்கிறேன்.

உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும் என்று படித்திருந்த மகள், ஸ்கேலைக் கொண்டு வந்து வைத்து அளந்தாள். நாற்பத்தி மூன்று சென்டிமீட்டர். "அப்பா வயசு!" என்றாள். மாமா அந்தக் கல்லைக் கையால் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். "இதைப் பேக்க அரை மணி நேரம் ஆகியிருக்காது" என்றார்.

தாத்தாவும் பேரனும் பேசிக்கொள்ள இரண்டு நாள் ஆயிற்று. சமாதானம் செய்து வைத்தது நானில்லை, வான் தீவு. 2015-க்குப் பிறகு அந்தத் தீவைக் காப்பாற்ற, துளை வைத்த சிமெண்டுப் பாறைகளைச் செய்து, பத்தாயிரத்துக்கும் மேல் கடலில் இறக்கியிருக்கிறார்கள். அலை வேகம் குறைகிறது, துளைகளில் மீன் குடிவருகிறது, மேலே பவளமும் ஒட்டுகிறதாம். மகன் அந்தப் படத்தைத் தாத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நாங்க ஏத்திட்டு வந்தோம். இவுக ஏத்திட்டுப் போறாக" என்று சொல்லிவிட்டு, அந்தக் கல் ஒன்று எவ்வளவு எடை இருக்கும், எத்தனை பேர் பிடித்து இறக்குவார்கள் என்று பேரனிடம் விசாரிக்க ஆரம்பித்தார். பிறகு அவனுக்கு நீரோட்டம், சோழக் காற்று, வாடைக் காற்று என்று பாடம் நடந்தது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருவரும் முயல் தீவுக் கடற்கரைக்குப் போகிறார்கள். நானும் மாமியும் சில நாள் சேர்ந்து கொள்வோம். முன்பெல்லாம் போனால் மடி நிறையக் கிளிஞ்சல் பொறுக்கி வருவேன். இப்போது எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுகிறேன். காலி ஓட்டில் சின்ன நண்டு குடியேறுவதை மாமா காட்டிய பிறகு கை வரமாட்டேன் என்கிறது.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார். பின்கட்டுச் சுவரைப் பார்த்துவிட்டு, "இதை நல்லாக் கொத்திட்டு சிமெண்டு பூசிரலாம்மா, அசிங்கமா இருக்கு" என்றார். நான் பதில் சொல்வதற்குள் முற்றத்திலிருந்து மாமா குரல் கொடுத்தார். "அதை விட்ரு."

அடுத்து ஜனவரியில் கூந்தன்குளம் போவதாக இருக்கிறோம். மங்கோலியாவிலிருந்து வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி வந்து இறங்குகிற குளம். பறவைக்குப் பயமாகிவிடும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. சீட்டு இன்னும் விழவில்லை. மிக்ஸி வேறு சத்தம் போடுகிறது. மாமி இப்போதே ஒரு பழைய காட்டன் சேலையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டு, "ஏ பிள்ள, இந்தத் தடவையாவது வளையலைக் கழத்திட்டுக் கிளம்பு" என்கிறார்கள்.

— ஒரு வாசகி, தூத்துக்குடி